‘கப்பல் வராட்டி?’ – இரண்டாம் உலக யுத்தம்: ஒரு மீட்டல் பாடம்

எங்கள் கல்லூரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது உயர்தரக் கலைப்பிரிவு மாணவிகள் ஆளுக்கொரு வரலாற்றுப் பாடத்தை எடுத்து, தரம் 11 தங்கச்சிமாருக்குப் பின்னேரத்தில் மீட்டல் வகுப்பு நடத்துவோம். சென்ற தவணையில் எனக்குக் கிடைத்தது இரண்டாம் உலக யுத்தம். காரணங்கள், விளைவுகள் என்று இரண்டு தலைப்பு. நேரம் நாற்பது நிமிடம்.

முதல் நாள் நான் தோற்றுப் போனேன். ஆண்டுகளையும் உடன்படிக்கைகளையும் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் பார்த்தெழுதினார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி, “ராத்தா, இதுல எது பரீட்சைக்கு வரும்? அத மட்டும் செல்லுங்களேன்” என்றாள். அவளில் குற்றமில்லை. நான் சொன்னவை அனைத்தும் ஐரோப்பாவில் யாரோ யாருடனோ போட்ட சண்டையாகவே அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

மாளிகாவத்தையில் எங்கள் வீடு தொடர்மாடியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்தபோது உம்மும்மா வாசலோரம் அமர்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். என் கவலையைச் சொன்னேன். “எந்த யுத்தம் மகள்? அந்தக் கூப்பன் அரிசி யுத்தமா?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. நாங்கள் பீங்கானில் சோற்றை மிச்சம் வைத்தால் உம்மும்மா எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “வீசாதே. நாளைக்குக் கப்பல் வராட்டி என்னத்தைத் திங்கிற?” சிறு வயது முதல் கேட்டுப் பழகிய வசனம். எந்தக் கப்பல், ஏன் வராது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். அந்த வசனம் அவருடைய உம்மாவிடமிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டில் அவருக்குப் பத்து வயது.

அடுத்த வகுப்புக்கு நான் குறிப்புக் கொப்பியை மட்டும் கொண்டுபோகவில்லை. உம்மும்மாவின் பழைய அரிசிச் சுண்டையும் கொண்டுபோனேன். அந்த வகுப்பில் நாங்கள் படித்ததை இந்த இதழில் எழுதும்படி ஆசிரியை சொன்னார். பரீட்சை எழுதும் தங்கச்சிமாருக்கும், வீட்டில் இதை வாசிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படட்டும்.

1. யுத்தம் ஏன் மூண்டது?

காரணங்களைப் படிக்கும்போது அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று உடனடிக் காரணம். மற்றது நீண்டகாலக் காரணங்கள்.

உடனடிக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 1939 செப்டெம்பர் 1 அன்று ஹிட்லரின் ஜேர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. செப்டெம்பர் 3 அன்று பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனிக்கு எதிராக யுத்தப் பிரகடனம் செய்தன.

நீண்டகாலக் காரணங்கள் அதற்கு இருபது வருடம் முன்பே தொடங்குகின்றன. முதலாம் உலக யுத்தம் முடிந்தபின் 1919இல் வெர்சாய்ல்ஸ் உடன்படிக்கை கைச்சாத்தானது. தோற்ற ஜேர்மனி நிலத்தை இழந்தது, படையைக் குறைத்தது, பெருந்தொகை நட்டஈடும் செலுத்த வேண்டியிருந்தது. யுத்தத்துக்கான பொறுப்பும் அதன் தலையில் சுமத்தப்பட்டது. அவமானமும் வறுமையும் சேர்ந்த அந்த மண்ணில் 1929இன் உலகப் பொருளாதார மந்தம் வந்து விழுந்தது. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். “உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் இவர்கள்தான் காரணம்” என்று யூதர்களை நோக்கி விரல் நீட்டிய ஒருவரின் பின்னால் மக்கள் போனார்கள். 1933 ஜனவரியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தார். இந்த விரல் நீட்டலை மறந்துவிடாதீர்கள். பாடத்தின் பிற்பகுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

ஆசியாவில் வேறொரு கதை நடந்தது. யப்பான் தொழில் வளர்ச்சி கண்ட நாடு. ஆனால் எண்ணெய், இறப்பர், இரும்பு போன்றவற்றுக்குப் பிற நாடுகளை நம்பியிருந்தது. அவற்றைத் தேடி 1931இல் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1937இல் சீனாவுடன் முழு யுத்தத்தில் இறங்கியது. இவற்றைத் தடுக்க வேண்டிய சர்வதேச சங்கத்திடம் கண்டனம் இருந்தது, படை இருக்கவில்லை. 1941இல் அமெரிக்கா யப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. அந்த ஆண்டு டிசெம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தையும் மலாயாவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாக்கியது.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இந்தக் காரணங்களில் இலங்கையர் செய்தது எது?” அவர்கள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்ல ராத்தா” என்றார்கள். அதுதான் சரியான விடை.

2. அப்படியானால் அது ஏன் எங்கள் வாசலுக்கு வந்தது?

1931 முதல் இலங்கையில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. அரசாங்க சபைக்கு நாங்களே உறுப்பினரைத் தெரிவு செய்தோம். ஆனால் பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் பிரித்தானிய அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. பிரித்தானியா யுத்தத்தில் இறங்கிய நாளில் அதன் குடியேற்ற நாடான இலங்கையும் யுத்தத்தில் இருந்தது. எங்கள் மக்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது.

முதல் இரண்டு வருடங்கள் யுத்தம் இங்கே பத்திரிகைச் செய்தியாகவே இருந்தது. 1942இன் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று பர்மாவின் ரங்கூன் வீழ்ந்தது. இந்த இரண்டு திகதிகளையும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் கதை இவற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் இழந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முக்கிய இடமாக இலங்கை மாறியது. விமானத்துக்கும் லொறிக்கும் டயர் வேண்டுமே. சிங்கப்பூரை இழந்த பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலையும் கொழும்பும் தேவைப்பட்டன. ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்லும் கப்பல்கள் எங்கள் கரையைக் கடந்தே போயின. உலக வரைபடத்தில் ஒரு பொட்டுப் போலத் தெரியும் தீவு அப்படித்தான் குறியானது.

3. 1942 ஏப்ரல் 5

அன்று ஈஸ்டர் ஞாயிறு. நான் கரும்பலகையில் “ஈஸ்டர் ஞாயிறு கொழும்புத் தாக்குதல்” என்று எழுதியவுடன் வகுப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாக, “ராத்தா, அதையுமா படிக்கணும்?” என்று கேட்டாள். அவள் நினைத்தது 2019 ஏப்ரல் 21ஐ. நான் “1942” என்று ஆண்டைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். ஆனால் அவளுடைய கேள்வி அன்று முழுக்க என்னோடு இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் 4ஆம் திகதி பின்னேரம், காலிக்குக் கிழக்கே கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய ஒரு கற்றலினா கடல் விமானம் இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பல் அணியைக் கண்டது. விமானி லெனாட் பேர்ச்சல் என்ற கனேடியர். அவருடைய குழுவினர் வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர்கள் யுத்தம் முடியும்வரை யப்பானியரின் கைதிகளாக இருந்தார்கள். அந்தச் செய்தி கிடைத்ததால் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பல கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன.

பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்திருந்தார். மறுநாள் காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்காததால் இரத்மலானையிலிருந்த பிரித்தானிய விமானிகள் எதிரி தலைக்கு மேல் வந்தபிறகே கிளம்ப நேர்ந்தது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையும் விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். இன்று நாங்கள் உடுப்பு வாங்கவும் ஐஸ்கிரீம் சாப்பிடவும் போகும் ரேஸ்கோர்ஸ் அதுதான். அங்கிருந்தும் விமானங்கள் எழும்பிச் சென்றன.

துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. இரத்மலானை ரயில்வே வேலைத்தளப் பகுதியில் குண்டு விழுந்தது. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் விழுந்தது. யுத்தம் என்றால் என்னவென்றே விளங்காத நிலையில் கட்டிலில் கிடந்த நோயாளிகள் அங்கே இறந்தார்கள். அன்று பின்னேரம் தெற்குக் கடலில் டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பிரித்தானியக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு 424 மாலுமிகள் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்டவர்களோடு மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

உம்மும்மாவின் உம்மா அப்போது இந்தப் பக்கத்தில்தான் இருந்தார். இன்றுள்ள தொடர்மாடிகள் அன்று இல்லை. விமானச் சத்தம் கேட்டு முதலில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க முற்றத்துக்கு ஓடினார்களாம். எங்கள் விமானம் என்று நினைத்துக் கை காட்டினார்களாம். துறைமுகப் பக்கம் இடி போலச் சத்தம் கேட்டுப் புகை எழும்பியதும் அவருடைய வாப்பா பிள்ளைகளை இழுத்துவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு நாள் கழித்து ஒரு மூட்டை உடுப்போடும் ஒரு குர்ஆனோடும் பேருவளையில் இருந்த உறவினர் வீட்டுக்கு ரயிலேறினார்கள். வாப்பா மட்டும் கடையைப் பார்க்கக் கொழும்பில் நின்றுவிட்டார். அந்த நாட்களில் கொழும்பை விட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும் திரளாக ஊர் திரும்ப முயன்றார்கள். பாடசாலைக் கட்டடங்கள் பல இராணுவத் தேவைக்கு எடுக்கப்பட்டன. கல்கிஸை சென் தோமஸ் கல்லூரி மலைநாட்டில் குருத்தலாவையில் ஒரு கிளையைத் தொடங்கியதும் அந்த வருடத்தில்தான்.

இன்று எங்கள் மேல்தட்டில் ஏறி நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அந்தப் பாடம் எடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கை காட்டிய அந்தச் சிறுமியின் நினைவு வருகிறது.

4. குசினிக்குள் வந்த யுத்தம்

கொழும்பில் குண்டு விழுந்தது அரை மணி நேரம் அளவில்தான். அரிசித் தட்டுப்பாடு வருடக்கணக்கில் நீடித்தது. விளைவுகளில் இதைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

யுத்தத்துக்கு முன் இலங்கை மக்கள் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து. நல்ல நிலமெல்லாம் தேயிலையும் இறப்பருமாக இருந்தது. அவற்றை விற்று அரிசி வாங்கினோம். கப்பல் வந்துகொண்டிருக்கும்வரை இதில் யாரும் குறை காணவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் யப்பானியர் 20க்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். அந்தக் கப்பல்களில் யார் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரித்தானிய வணிகக் கப்பல்களின் இயந்திர அறைகளில் கரி அள்ளிப் போட்டவர்களில் மிகப் பலர் வங்காளத்து ஏழை முஸ்லிம்கள்.

உம்மும்மா சொன்ன ‘கப்பல் வராட்டி’ என்ற வார்த்தையின் வரலாறு இதுதான்.

1942இல் அரிசிப் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம். கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டன. அரிசி போதாதபோது குரக்கன், மரவள்ளி, வற்றாளை, கோதுமை மா என்று கிடைத்ததைக் கொண்டு வயிற்றை நிரப்பினார்கள். மூன்று வேளையும் சோறு உண்ட வீடுகளில் பாண் ஒரு வேளைச் சாப்பாடாக நுழைந்தது. நான் கொண்டுபோன சுண்டை வகுப்பில் கைமாற்றிக் கொடுத்தேன். “ஒரு ஆளுக்கு இதாலே அளந்து தந்த அரிசியோட ஒரு கிழமை ஓட்டணும் எண்டா எப்படிச் சமைப்பீங்க?” என்று கேட்டேன். கஞ்சி என்றாள் ஒருத்தி. ரொட்டி என்றாள் மற்றவள். கொட்டாவி விட்ட பிள்ளை, “எங்கட உம்மா அவ திங்காம எங்களுக்குத் தருவா” என்றாள். யுத்தத்தின் விளைவுகள் என்ற தலைப்பில் அந்த வகுப்பில் சொல்லப்பட்ட மிகச் சிறந்த விடை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இலங்கையில் பங்கீடு மக்களைக் காத்தது. வங்காளத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கும் பர்மா அரிசி நின்றது. புயல் வந்தது. படைக்குத் தேவை என்று படகுகளும் நெல்லும் அப்புறப்படுத்தப்பட்டன. விலை ஏறியது. பதுக்கல் நடந்தது. அரசாங்கம் காலத்தில் செயற்படவில்லை. 1943இன் வங்காளப் பஞ்சத்தில் 20 இலட்சம் முதல் 30 இலட்சம் வரையானோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் எவர் மீதும் குண்டு விழவில்லை. யுத்தத்தில் இறந்தவர்கள் என்று நினைவுத் தூண்களில் அவர்களின் பெயரும் இல்லை.

இந்தத் தட்டுப்பாட்டில் இருந்து எங்கள் சமூகத்துக்கு ஒரு நன்மையும் கிளைத்தது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1942இல் அவசர உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதுதான் வேலை. நெல்லை வளர்க்கப் போனவர் அங்கே கல்வியில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டார். வசதியற்ற மாணவருக்கு உதவ அங்கே தொடங்கிய முயற்சி, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. அதே 1945 அக்டோபரில் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. யுத்தம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. கஷ்ட காலத்திலும் சிலர் அடுத்த தலைமுறையைப் பற்றி யோசித்தார்கள். அவர்கள் யோசித்ததால்தான் மாளிகாவத்தைப் பிள்ளை நான் இன்று கட்டணமின்றிப் படித்து இதை எழுதுகிறேன்.

5. சந்தேகம் என்ற ஆயுதம்

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

காலி மாவட்டத்தில் தொடந்துவைக்கு அருகே பொல்கஸ்துவ என்ற சிறு தீவில் ஒரு பௌத்த ஆசிரமம் இருக்கிறது. அதை 1911இல் நிறுவியவர் ஞானதிலோக தேரர். அவர் ஜேர்மனியில் பிறந்தவர். உலக ஆசைகளைத் துறந்து காவி உடுத்து, பாளி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டு வாழ்ந்தவர். முதலாம் உலக யுத்தம் வந்தபோது ஜேர்மனியர் என்பதால் அவரைத் தடுத்து வைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது மறுபடியும் பிடித்து தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். பிறகு இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகே திரும்பி வந்தார். அவரோடு இருந்த மாணவரான ஞானபோனிக தேரர் யூதத் தாய் தந்தையருக்குப் பிறந்தவர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்தவர். அவரையும் ‘ஜேர்மனியர்’ என்று அடைத்தார்கள்!

யுத்தம் முதலில் செய்யும் வேலை இதுதான். ஒரு மனிதர் என்ன செய்தார் என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, எந்த இனம், என்ன பெயர் என்று மட்டும் பார்க்க வைக்கிறது. ஐரோப்பாவில் அந்தப் பார்வையின் உச்சத்தில் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எங்கள் வயதுப் பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

2019 ஏப்ரல் 21, அதுவும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் இன்னும் பல இடங்களிலும் 250க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். வழிபாட்டுக்குப் போனவர்களும் குழந்தைகளும்தான் பலியானார்கள். செய்தவர்கள் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களைச் சூடியிருந்தார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்றிரவு உம்மும்மா அந்தக் குழந்தைகளுக்காக அழுததை நான் பார்த்தேன். அதற்குப் பின் பஸ்ஸில் எங்கள் உடையைப் பார்த்து ஆட்கள் எழும்பி வேறிடத்தில் உட்கார்ந்ததையும் பார்த்தேன். இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் நான் வரலாறு படித்தவள் ஆகமாட்டேன். ஏனென்றால் எங்களுக்கு நேர்ந்தது சந்தேகம். அவர்களுக்கு நேர்ந்தது மரணம்.

ஆகவே அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன்: “அதையும் ஒருநாள் படிக்கணும். தலையைக் குனியாமப் படிக்கணும். நாம செய்யாத பாவத்துக்கு நாம வெட்கப்படத் தேவையில்ல. ஆனா அவங்கட வலிய நம்மட வலி எண்டு நெனக்கணும்.” வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

6. யுத்தம் எப்போது முடிந்தது?

பரீட்சைக்கான விடை: ஐரோப்பாவில் 1945 மே 8. யப்பானின் ஹிரோஷிமாவில் ஓகஸ்ட் 6 அன்றும் நாகசாகியில் ஓகஸ்ட் 9 அன்றும் அணுகுண்டு வீசப்பட்டபின், செப்டெம்பர் 2 அன்று யப்பான் சரணாகதி ஆவணத்தில் கைச்சாத்திட்டது. உலகம் முழுவதும் இறந்தவர்கள் 6 கோடிக்கு மேல். அவர்களில் பெரும்பான்மையோர் படைவீரர் அல்லாத சாதாரண மக்கள்.

ஆனால் உம்மும்மாவின் கணக்கு வேறு. 1942இல் வந்த கூப்பன் புத்தகம் யுத்தம் முடிந்தும் போகவில்லை. மலிவு அரிசி மக்களின் உரிமையாகிவிட்டது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. உம்மும்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பன் வரிசையில் நின்றார். கல்யாணம் முடித்த பிறகும் நின்றார். 1979இல் உணவு முத்திரை வந்தபோதுதான் அந்த அரிசிப் புத்தகத்தின் காலம் முடிந்தது. பர்மாவில் ஒரு நகரம் வீழ்ந்ததால் தொடங்கியது, மாளிகாவத்தையில் மூன்று தலைமுறைப் பெண்களின் கையில் 37 வருடம் இருந்திருக்கிறது.

நாங்களும் இதற்குப் புதியவர்கள் அல்ல. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அந்த நெருக்கடிக்குக் காரணங்கள் பெரும்பாலும் எங்கள் நாட்டுக்குள்ளேயே இருந்தன. இருந்தாலும் அந்த வருடம் உக்ரேனில் தொடங்கிய யுத்தம் கோதுமையின் விலையையும் எரிபொருளின் விலையையும் மேலும் ஏற்றிவிட்டது. எங்கோ விழும் குண்டு எங்கள் பாணின் விலையில் எழுதப்படுகிறது என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

கடைசியாக ஒரு திகதி. 1951 செப்டெம்பர் 6. சான் பிரான்சிஸ்கோவில் யப்பானுடனான சமாதான மாநாடு. தோற்ற நாட்டிடம் எவ்வளவு நட்டஈடு வாங்கலாம் என்ற பேச்சு. அங்கே இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன எழுந்து, பகை பகையால் தணியாது என்ற புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். 1919ஐ நினைத்துப் பாருங்கள். அங்கே தோற்றவரை நசுக்கினார்கள். இருபது வருடத்தில் மறுபடி யுத்தம் வந்தது. இங்கே குண்டு வாங்கிய சிறிய நாடு மன்னித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் காரணங்கள், விளைவுகள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விடை எழுதியவர்களாவீர்கள்.

தங்கச்சிமாருக்கு மூன்று கேள்விகள்

ஒரு யுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

(1) இதைத் தீர்மானித்தவர்கள் யார்?
(2) இதற்கு விலை கொடுத்தவர்கள் யார்?
(3) முடிந்தது என்று புத்தகம் சொல்லும் நாளுக்குப் பிறகும் யாருடைய வீட்டில் அது முடியாமல் இருந்தது?

மூன்றாவது கேள்விக்கு விடை நூலகத்தில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இருக்கிறது. அன்பான பெற்றோரே, பிள்ளைகள் வந்து கேட்டால் நேரமில்லை என்று சொல்லாமல் சொல்லிக் கொடுங்கள். உம்மும்மாவின் உம்மா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. அவரிடம் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைத்து என்ன பயன்? உம்மும்மாவுக்கு எழுபது வயது. அவரிடம் கேட்டதால் இவ்வளவாவது கிடைத்தது.

வகுப்பு முடிந்து நான் சுண்டைப் பையில் வைக்கும்போது கொட்டாவி விட்ட அந்தத் தங்கச்சி வந்து, “ராத்தா, எங்கட வாப்பும்மாவும் இப்படி ஒண்டு செல்லுவா. மண்ணெண்ணெய் விளக்கத் துணியால மூடு எண்டு. நான் சும்மா பேசுறா எண்டு நெனச்சேன். போய்க் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் சோறும் பருப்பும். தம்பி பீங்கானில் ஒரு பிடி மிச்சம் வைத்தான். உம்மும்மா வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், “கப்பல் வராட்டி?” என்று.